பழம்புடவைப் போர்வைக் கண்காட்சி: தொங்கவிடலாமா, சாய்த்து வைக்கலாமா, கட்டிலில் புரட்டலாமா?

ஏரிக்கரையில் சாய்ந்து நிற்கும் நடுகல்லுக்குக் கூரை போடப் பணம் வேண்டும். ஊரில் பல வீடுகளில், பரணிலும் மரப்பெட்டியிலும், பாட்டி காலத்துப் பழம்புடவைப் போர்வைகள் கிடக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்து இரண்டு நாள் கண்காட்சி வைப்பது நல்ல யோசனை. அமெரிக்கச் சிற்றூர்களில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க இப்படித்தான் பழைய போர்வைகளைக் காட்சிக்கு வைத்துப் பணம் சேர்க்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதைச் செய்ய நினைப்பவர்கள் மண்டபம் பிடிப்பதற்கும் நோட்டீஸ் அடிப்பதற்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: போர்வையை எப்படிக் காட்டப் போகிறோம்? எத்தனை ஆள் வேண்டும், எந்த இடம் சரிப்படும், கட்டணம் எவ்வளவு வைக்கலாம், எந்தப் போர்வையை வாங்கிக்கொள்ளலாம், எதை நன்றி சொல்லித் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தவை.

வழி மூன்று. கம்பியில் கோத்துத் தொங்கவிடுவது ஒன்று. பஞ்சுத்துணி போர்த்திய பலகையில் சாய்த்துக் கிடத்துவது இன்னொன்று. கட்டிலில் அடுக்கி வைத்து, உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கதை சொல்வது மூன்றாவது. கடைசியாகச் சொன்னது அமெரிக்கப் போர்வைக் கண்காட்சிகளில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம். நம் ஊருக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் எல்லாப் போர்வைக்கும் பொருந்தாது.

முதலில் துணியைப் பாருங்கள்

தெலுங்கில் பொந்த, கன்னடத்தில் கௌதி என்று சொல்லும் இந்தப் போர்வையின் அமைப்பு எளிது. நைந்த பருத்திப் புடவை இரண்டு மூன்றை மடித்து அடுக்கி, நெருக்கமாக ஓட்டத்தையல் போட்டு, கிழிந்த இடத்தில் வேட்டி, லுங்கி, குழந்தைச் சட்டைத் துண்டுகளை ஒட்டுப்போட்டிருப்பார்கள். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவை ஒன்று ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் இருக்கும். ஆறடிக்கு நாலடிப் போர்வைக்கு ஒரு புடவையில் மூன்று அடுக்கு கிடைக்கும். மூன்று புடவை போட்டுத் தைத்தது ஒன்றரைக் கிலோவைத் தொடும். அமெரிக்கப் போர்வைகளில் நடுவில் பஞ்சு அடுக்கு உண்டு. இவற்றில் பெரும்பாலும் கிடையாது. பழந்துணியைப் பழந்துணியோடு பிணைத்து வைத்திருப்பது தையல் நூல் ஒன்றுதான்.

எந்த இடம் முதலில் நைகிறது என்பதைக் கவனியுங்கள். உடம்பு அழுந்தும் நடுப்பகுதி ஒன்று. முகத்தோரம் இழுத்துப் பிடிக்கும் மேல்விளிம்பு இன்னொன்று. தலையெண்ணெயும் வியர்வையும் ஏறி, கசக்கிக் கசக்கித் துவைத்ததில் அந்த விளிம்பு பஞ்சாகியிருக்கும். தொங்கவிடும்போது மொத்த எடையும் அந்த விளிம்பில்தான் விழுகிறது. காலடி விளிம்பு உறுதியாக இருந்தால், உருவம் எதுவும் தலைகீழாகாத பட்சத்தில், அதையே மேலே வைத்துத் தொங்கவிடலாம்.

கறுப்பும் அடர்பழுப்பும் தனிக்கதை. இரும்புச் சத்தைச் சேர்த்து ஏற்றிய பழைய கறுப்புச் சாயம் காலப்போக்கில் நூலையே அரித்துவிடும். அச்சுத்துணியில் சிவப்பும் மஞ்சளும் புதிதுபோல இருக்க, கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் மெல்லிய பிளவாகத் திறந்திருப்பதைப் பழைய போர்வைகளில் பார்க்கலாம். விரல் பட்டால் கறுப்புப் பொடி ஒட்டும். அப்படிப்பட்டதைத் தொங்கவிடவும் கூடாது, புரட்டவும் கூடாது.

இந்தப் பக்கத்தில் கண்காட்சி என்றதும் போர்வை மட்டும் வராது. குரும்பர் நெய்த ஆட்டுமயிர்க் கம்பளி வரும். சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலிருந்து லம்பாடித் தையல் வரும். கல்யாணப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து நீட்டுபவர்களும் இருப்பார்கள். கம்பளி தன் எடையாலேயே நீண்டு தொங்கிப்போகும். லம்பாடித் துணியில் கண்ணாடியும் சோழியும் நாணயமும் தைத்திருக்கும். அவற்றின் ஓரம் பக்கத்துத் துணியை அறுக்கும். அடுக்கில் வைத்தால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சேர்ந்து கெடும். பட்டுப்புடவை பல வருடம் ஒரே மடிப்பில் இருந்திருந்தால், அந்த மடிப்புக்கோட்டில் ஜரிகை முறிந்திருக்கும், பட்டு வெடித்திருக்கும். இந்த மூன்றுக்கும் சாய்பலகைதான். மறுபேச்சே வேண்டாம்.

தரம் பிரிக்க ஒரு சோதனை போதும். பெரிய மேசையில் வெள்ளைக் காகிதம் விரித்து, அதன்மேல் போர்வையைக் கிடத்துங்கள். மேல்விளிம்புக்கு அடியில் இரண்டு கையையும் அகலமாகக் கொடுத்து ஒரு சாண் தூக்கி, பத்து எண்ணி, கீழே வையுங்கள். தையல் வாய் திறக்கிறதா, துணி கண் விடுகிறதா என்று பாருங்கள். பிறகு போர்வையை விலக்கிக் காகிதத்தைப் பாருங்கள். நூல்துகள் கொட்டியிருந்தால் அது சாய்பலகைக்கு மட்டும். தையல் திறக்கவில்லை, காகிதமும் சுத்தம் என்றால் தொங்கலுக்கோ கட்டிலுக்கோ போகலாம். இரண்டுக்கும் நடுவில் சந்தேகமாக இருந்தால் அதையும் பலகைக்கே அனுப்புங்கள்.

கொடுப்பவர்கள் “துவைத்து இஸ்திரி போட்டுத் தருகிறோம்” என்பார்கள். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பழைய சாயம் இறங்கும். நனைந்த போர்வையின் எடை பலமடங்காகி, கொடியில் போட்ட இடத்திலேயே கிழியும். தூசி எடுக்க, வாக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுப்பில் வைத்து, போர்வைமேல் கொசுவலைத் துண்டை விரித்து, வலைக்கு மேலே மெதுவாகக் கொண்டுபோனால் போதும்.

தொங்கவிடுவது

மூன்றிலும் கண்ணுக்கு நிறைவானது இதுதான். வாசலில் நுழைந்ததும் இருபது போர்வை வரிசையாகத் தெரிந்தால் யாரும் நின்று பார்ப்பார்கள். கூட்டம் வருகிறபடி வந்து போகலாம்; பத்திரிகைப் படத்துக்கும் எடுப்பாக இருக்கும். அறுபதடிக்கு முப்பதடி மண்டபத்தில், நடுவில் முதுகோடு முதுகாக ஒரு வரிசை சேர்த்தால், இருபது இருபத்திரண்டு வரை தாராளமாகத் தொங்கவிடலாம். இவ்வளவு எண்ணிக்கை மற்ற இரண்டிலும் வராது.

இதற்குக் கொடுக்கும் விலை தையல் வேலை. போர்வையின் பின்பக்கம் மேலோரத்தில், பாவாடையில் நாடா கோக்கத் தைப்பது போல, நாலங்குலக் குழாய்ப்பட்டி ஒன்று கையால் தைக்க வேண்டும். ஒன்பதங்குல அகலக் காடா துணியை இரண்டு முறை அலசிக் கஞ்சி போக்கி, போர்வை அகலத்தைவிட இரண்டங்குலம் குறைவாக வெட்டி, குழாயாக மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். போர்வையோடு இணைக்கும்போது ஊசி பின்துணியை மட்டும் பிடித்தால் அந்த ஒரு அடுக்கே மொத்த எடையையும் சுமந்து கிழியும். உள்ளே இருக்கும் ஓர் அடுக்கையாவது சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன்பக்கம் ஊசி வரக்கூடாது. பட்டியின் வெளிப்புறத்தைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். இறுக்கமாகத் தைத்தால் உள்ளே போகும் குழாய் போர்வையின் முகத்தில் மேடு தட்டும், அந்த மேட்டில் நூல் இழுபடும்.

பழகிய கைக்கு ஒரு பட்டி தைக்க ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். இருபது போர்வைக்கு நாற்பது மணி. ஐந்து பேர் உட்கார்ந்தால் ஒரு முழுநாள். கண்காட்சி முடிந்ததும் பிரித்தெடுக்கவும் அதே கைகள் வேண்டும். தையல் தெரிந்த ஐந்து பேர் ஊரில் கிடைக்கவில்லை என்றால் தொங்கவிடும் யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். கிளிப், சேஃப்டி பின், ஆணி என்று குறுக்குவழி தேடினால் ஒன்றரைக் கிலோவும் நாலைந்து புள்ளிகளில் தொங்கும். முதல்நாள் மாலைக்குள் கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவில் துணி வளைந்து இறங்கும். மறுநாள் பின் குத்திய இடத்தில் ஓட்டை தெரியும்.

கம்பிக்குப் பந்தல்காரரின் சவுக்குக் கழி ஆகாது. செதிலும் பிசினும் துணியில் ஒட்டும். ஒரு அங்குல அலுமினியக் குழாய் நல்லது. ஜி.ஐ. பைப்தான் கிடைக்கிறது என்றால் துருவும் எண்ணெயும் போகத் துடைத்து, காடா துணி சுற்றிக்கொள்ளுங்கள். போர்வையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒரு முழமாவது மேலே இருக்கட்டும். மூன்றடி தள்ளிக் கயிறு கட்டாவிட்டால், தடுத்துச் சொல்ல ஆள் இருந்தாலும், வருகிறவர்கள் தொட்டுத்தான் பார்ப்பார்கள். தங்கள் பாட்டி தைத்ததைப் போலவே ஒன்றைக் கண்டால் கை தானாகப் போகும்.

சாய்பலகை

துணிக்கு மிகவும் இதமானது இது. காரணம் நேரான கணக்கு. முப்பது பாகைச் சரிவில் கீழ்நோக்கி இழுக்கும் விசை மொத்த எடையில் பாதிதான். அந்தப் பாதியையும் அடியில் விரித்த ஃபிளானல் துணியின் பிடிமானம் தாங்கிக்கொள்கிறது. தையலுக்கு வேலையே இல்லை. நாற்பத்தைந்து பாகை ஆனால் இழுவிசை எழுபது சதவீதமாகிறது. பலகையைப் பார்வைக்காக நிமிர்த்த நிமிர்த்த நன்மை குறைந்துகொண்டே போகும்.

எட்டுக்கு நாலடிப் பிளைவுட் ஒன்று ஒரு போர்வைக்குச் சரி. பிளைவுட்டின் பசையிலிருந்து வரும் ஆவியும் மரத்தின் அமிலமும் துணியைத் தொடாமலிருக்க, முதலில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டுங்கள். அதன்மேல் ஃபிளானல். அதற்கும் மேலே அலசிய காடா துணி. கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தால் மேல்விளிம்பு நாலடியில் நிற்கும். சிறுவர்களுக்கும் தெரியும், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் தெரியும். தாங்குவதற்குப் பள்ளிக்கூட பெஞ்சுகள் போதும்: பின்னால் உயர பெஞ்சு, முன்னால் குட்டை பெஞ்சு, இரண்டையும் கயிற்றால் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் யாராவது சாய்ந்ததும் முன் பெஞ்சு நழுவி, பலகை போர்வையோடு தரைக்கு வரும்.

குறை இடம்தான். பலகை ஒன்று எட்டடிக்கு மூன்றரை அடி தரையை எடுத்துக்கொள்ளும்; சுற்றிலும் நாலடி நடைவழி வேண்டும். அதே அறுபதடி மண்டபத்தில் பன்னிரண்டைத் தாண்டாது. பிளைவுட் வாங்கும் செலவும் உண்டு. பந்தல்காரரிடமோ தச்சரிடமோ வாடகைக்குக் கேட்டு, கீறாமல் திருப்பித் தருவதாகப் பேசிக்கொள்ளலாம். பலகையில் இருக்கும் போர்வையின் முகம் மட்டுமே தெரியும். பின்பக்கத் தையல் அழகாக இருக்கும் போர்வைக்கு இது இழப்புதான். ஒரு மூலையை ஒரு சாண் மடித்து, மடிப்புக்குள் பஞ்சு உருட்டி வைத்துக் காட்டலாம்.

கட்டிலில் புரட்டுவது

பணம் திரட்டும் நோக்கத்துக்கு மூன்றிலும் இதுதான் வலுவானது என்பது எங்கள் கணிப்பு. நடந்து பார்க்கும் கண்காட்சியில் ஒருவர் ஒரு போர்வைக்கு முன்னால் சில நொடிதான் நிற்பார். கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தவர் முக்கால் மணி நேரம் இருப்பார்: எந்தப் புடவை யார் கல்யாணத்துக்கு எடுத்தது, எந்த ஒட்டு எந்தக் குழந்தையின் சட்டை என்று கேட்பார். நடுகல்லைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடலாம். எழுந்து போகிறவரின் கை பைக்குள் போகும்.

நடைமுறை இப்படி. கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் நடுவில் தொய்யும். தட்டையான பலகைக் கட்டில் இரண்டு வேண்டும். ஒரு கட்டிலில் மெத்தை விரிப்பு, அதன்மேல் பதினைந்து போர்வை, ஒவ்வொன்றுக்கும் இடையில் அலசிய பழைய வெள்ளை வேட்டி. கனமானவை அடியில். கட்டில்கள் ஒரு அடி மேடைமேல் இருக்க வேண்டும்; தரையில் வைத்தால் இரண்டாவது வரிசைக்கே எதுவும் தெரியாது. ஆறரை அடி பி.வி.சி. குழாயில் காடா துணி சுற்றி, போர்வையின் மேல்விளிம்புக்கு அடியில் கொடுத்து, அரை அடி துணியைக் குழாய்க்கு மேல் மடக்கி, இருபுறமும் ஒருவர் உள்ளங்கையை விரித்துப் பிடித்துத் தூக்க வேண்டும். மூலையை விரலால் கிள்ளித் தூக்கவே கூடாது. ஒரு நிமிடம் முகப்பைக் காட்டி, திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டி, அடுத்த கட்டிலில் கிடத்திவிடலாம். தூக்கிப் பிடிக்க இரண்டு பேர், வாங்கிக் கிடத்த ஒருவர், கதை சொல்ல ஒருவர். மோதிரமும் வளையலும் வெளியே. கையைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஹாண்ட் கிரீம், சந்தனம், விபூதி எதுவும் கையில் இருக்கக்கூடாது.

போர்வை ஒன்றுக்கு இரண்டரை நிமிடம். பதினைந்துக்கு நாற்பது நிமிடம். அதற்குமேல் இழுத்தால் பின்வரிசை எழுந்துவிடும்.

முதன்முறை நடத்துபவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முதல் காட்சி முடிந்ததும் அடுக்கு தலைகீழாக இரண்டாவது கட்டிலில் இருக்கும். அடுத்த காட்சியில் கடைசிப் போர்வை முதலில் வரும். பேச்சைக் கோவையாக மனப்பாடம் செய்தவர் அங்கே திணறுவார். சரிசெய்கிறோம் என்று அடுக்கை மறுபடி மாற்றினால் போர்வை ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு கைபடும். ஒவ்வொரு போர்வைக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு ஓர் அட்டை, அட்டையில் ஐந்து வரி என்று எழுதிக்கொண்டால் எந்த வரிசையிலும் பேசலாம். ஒரு காட்சி இந்தக் கட்டிலிலிருந்து அந்தக் கட்டிலுக்கு, அடுத்தது அங்கிருந்து இங்கே.

துணிக்கு நேரும் தேய்மானத்தை மறைக்கக்கூடாது. நாளைக்கு நாலு காட்சி, இரண்டு நாள் என்றால் ஒரே போர்வையை எட்டு முறை தூக்குகிறோம். காகிதச் சோதனையில் தேறியதை மட்டும் எடுத்து, முப்பது போர்வை கிடைத்தால் நாளுக்குப் பதினைந்து என்று பிரித்தால் அது நாலாகக் குறையும்.

வெளிச்சம், இடம், காலம்

எந்த வழியானாலும் வெளிச்சம் செய்யும் கேடு திரும்பாதது. பழந்துணிக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் அளவு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). நாளுக்கு எட்டு மணி வீதம் இரண்டு நாள் அந்த வெளிச்சத்தில் இருந்தால் 800 லக்ஸ்-மணி. ஜன்னலோரத்தில் 2,000 லக்ஸ் விழும் இடத்தில் அதே அளவு 24 நிமிடத்தில் துணிமேல் விழுந்துவிடும். போன் செயலியில் தோராயமாக அளக்கலாம். ஜன்னலுக்குக் கறுப்புத்துணி கட்டி, ஃபோகஸ் விளக்கு எதுவும் போடாமல், சுவரை நோக்கித் திருப்பிய எல்.இ.டி. பல்பு சில போதும். உள்ளே வந்ததும் இருட்டாகத் தெரிந்தாலும் இரண்டு நிமிடத்தில் கண் பழகும். கட்டில் முறையில் அடுக்குக்குள் இருக்கும் போர்வைமேல் வெளிச்சமே படாது என்பது அதன் இன்னொரு பலம்.

கோயில் மண்டபம் பார்க்க அழகு. விளக்குப் புகை, கற்பூரம், வௌவால் எச்சம், மூன்றும் துணிக்கு ஆகாது. கல்யாண மண்டபம் நல்ல தேர்வு, சமையற்கட்டைப் பூட்டிவைத்தால். முகூர்த்த நாளில் கிடைக்காது. மார்கழியில் கல்யாணம் இல்லாததால் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையும் அதில்தான் வரும் என்பதால் பள்ளி மண்டபமும் பெஞ்சும் தன்னார்வ மாணவர்களும் கிடைப்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் பனி இறங்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு பத்து மணிக்குத் திறக்கலாம். ஆடியிலும் கல்யாணம் இல்லை, மண்டபம் காலிதான். ஆனால் ஆடிக்காற்று கொண்டுவரும் புழுதியைப் போர்வையிலிருந்து எடுக்க முடியாது. கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கும்போது கூட்டம் இருக்கிறதே என்று பக்கத்தில் திறந்த பந்தல் போட்டுப் போர்வை காட்ட ஆசைப்பட வேண்டாம். உண்டியலும் நடுகல் படங்களும் வைக்க அது நல்ல இடம். துணி வைக்க இல்லை.

பூச்சியை மண்டபத்துக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். கம்பளியிலும் பட்டிலும் துணி அந்துப்பூச்சி வரும். கஞ்சி போட்ட பருத்தியில் ராமபாணப் பூச்சி வரும். ஒரு கம்பளியில் இருந்தால் இரண்டு நாளில் பக்கத்துக்குப் பரவலாம். வந்ததும் கம்பளியைத் தடித்த பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து, டேப் ஒட்டி, மைனஸ் 18 பாகையில் இருக்கும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். ஐஸ்கிரீம் கடைக்காரர் இடம் கொடுப்பார். எடுத்தபின் ஒருநாள் முழுக்கப் பையைப் பிரிக்கக்கூடாது; பிரித்தால் வெளிக்காற்றின் ஈரம் துணிமேல் வேர்க்கும். அந்துருண்டையைத் துணியில் படும்படி போடுவதும், வேப்பிலையை மடிப்புக்குள் வைப்பதும் கறை கொடுக்கும்.

வாங்கும்போது இரண்டு படி ரசீது: உடையவர் பெயர், எண், அளவு, ஏற்கெனவே உள்ள கிழிசல், கறை, நாலு கோணத்தில் புகைப்படம், திருப்பித் தரும் தேதி. எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பின் குத்தாமல், பருத்தி நாடாவில் எழுதி இரண்டு தையல் போட்டுவிடுங்கள். இந்தப் படம் இல்லாமல் போர்வையை வாங்கிவிட்டு, திருப்பும்போது “இந்தக் கிழிசல் முன்னே இல்லையே” என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை.

பணம்: எந்த வழியில் வரும், எங்கே போகலாம்

கணக்குக்கு ஒன்று. கட்டில் முறையில் நாற்பது நாற்காலி, நாளுக்கு நாலு காட்சி, இரண்டு நாள்: 320 இடம். ஆளுக்கு 50 ரூபாய் என்றால் நிரம்பினால் 16,000. தொங்கல் மட்டும் வைத்து 20 ரூபாய் வாங்கினால் அதே தொகைக்கு 800 பேர் உள்ளே வர வேண்டும். சிற்றூரில் 320 பேரைக் கொண்டுவருவது நடக்கும், 800 கடினம். சாய்பலகை அறைக்குத் தனிக்கட்டணம் வேண்டாம், உண்டியல் போதும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட கண்காட்சியின் பெரிய வருமானம், புதிதாகத் தைத்த ஒரு போர்வையைச் சீட்டுக் குலுக்கலில் விடுவதிலிருந்து வரும். இங்கே அதை நகலெடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. பணம் வாங்கிக் குலுக்கல் நடத்தினால் நல்ல காரியமும் வழக்கில் போய் நிற்கும். பழைய போர்வையை ஏலம் விடுவதும் கூடாது. நூறாண்டு தாண்டிய பொருளை விற்கும் வணிகத்துக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். ஒரு போர்வைக்குத் தொண்ணூறா நூற்றுப்பத்தா வயது என்று யாரும் உறுதிசொல்ல முடியாது. அதைவிட முக்கியம், விற்கும் இடம் என்று பெயர் வந்துவிட்டால் அடுத்தமுறை யாரும் போர்வை தர மாட்டார்கள். புதிதாகத் தைத்ததை மட்டும் விற்கலாம்: ஊர்ப் பெண்கள் தைத்த குழந்தைப் போர்வை, சிட்லிங்கி லம்பாடிப் பெண்களின் தையல்பைகள், விலையில் ஒரு பங்கு நிதிக்கு என்று முன்பே எழுதிவைத்து.

பணம் வாங்கும் அமைப்பு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்திலோ அறக்கட்டளையாகவோ பதிவாகி, தனி வங்கிக் கணக்கோடு இருக்கட்டும். வரிச்சலுகை ரசீது தர அனுமதி பெற்ற அமைப்பு என்றால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குச் சலுகை இல்லை என்பதை உண்டியல் பக்கத்திலேயே எழுதுங்கள். பெரிய தொகை தருகிறவர்கள் வங்கி வழியாகத் தருவார்கள்.

எதற்குச் செலவு என்பதையும் முன்பே ஒப்பிட்டுத் தீர்மானிக்க வேண்டும். கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டை மலைக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே ஊர்க்குழு சுண்ணாம்பு பூசவோ படி கட்டவோ முடியாது. சுற்றிலும் நூறு மீட்டருக்குள் புதுக்கட்டுமானத்துக்கே தடை. பணம் தர விரும்பினால் 1996இல் தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதி வழியாகத் தரலாம். ஆனால் ஊர்க் கண்காட்சியின் பதினாறாயிரத்துக்கு அது பொருத்தமான இடமில்லை. அறநிலையத் துறைக் கோயிலிலும் துறை அனுமதி இல்லாமல் எதுவும் தொடக்கூடாது.

வயலிலும் ஏரிக்கரையிலும் யார் பாதுகாப்பிலும் இல்லாமல் நிற்கும் நடுகற்கள்தான் இந்தப் பணத்துக்குச் சரியான இடம். ஆநிரை மீட்கப் போய் மடிந்த வீரர்களின் கற்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் ஏராளம். பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று கும்பிட்டு வருகிறார்கள். அந்தக் கும்பிடுதான் அவற்றை இவ்வளவு காலம் காப்பாற்றியிருக்கிறது. அதனால் முதலில் கேட்க வேண்டியது நிலக்காரரையும் பூசை செய்பவரையும். தொல்லியல் துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நாலு தூண் போட்ட ஓட்டுக்கூரை போதும், சுவர் வேண்டாம். தூண்குழிகளைக் கல்லிலிருந்து தள்ளித் தோண்ட வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதியைக் கிளறினால் கல் சாயும். அடியில் சிமெண்ட் கொட்டினால் ஈரம் கல்லுக்குள் ஏறி உப்புப் பூக்கும், எழுத்து உதிரும். ஆசிட், கம்பி பிரஷ், எனாமல் பெயிண்ட் மூன்றும் கூடாது. நல்ல தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும். எழுத்தைப் படிக்கச் சுண்ணாம்பு தடவாமல், இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்தால் தேய்ந்த வரிகூடத் தெரியும். பயிற்சி பெற்றவரைக் கொண்டு மைப்படி (கல்லின்மேல் ஈரத்தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் நகல்) எடுத்து, அதைக் கண்காட்சியில் உண்டியலுக்கு மேலே மாட்டலாம்.

எதைத் தேர்வது

போர்வை பத்துக்குள், எல்லாம் நலிந்தவை என்றால் சாய்பலகை மட்டும்; பள்ளி வகுப்பறை இரண்டு போதும். நாற்பது கிடைத்து, தையல்காரர் ஐவரும் ஒரு மாத அவகாசமும் இருந்தால் தொங்கலை யோசிக்கலாம். இந்தப் பக்கத்து ஊர்களில் பெரும்பாலும் அமைவது இரண்டுக்கும் நடுவில்தான்: இருபத்தைந்து முப்பது போர்வை, எட்டுப் பத்து ஆர்வலர்கள், ஒரு மண்டபம். அதற்கு எங்கள் பரிந்துரை கட்டில் முறையை மையமாக வைத்து, பக்க அறையில் ஆறு சாய்பலகை, நுழைவில் மிக உறுதியான இரண்டை மட்டும் தொங்கவிடுவது. அந்த இரண்டுக்கும் குழாய்ப்பட்டி தைக்க ஒருவருக்கு அரைநாள் போதும். நோட்டீஸில் காட்சி நேரங்களைத் தெளிவாகப் போடுங்கள்: காலை 10.30, 12.00, பகல் 2.30, மாலை 4.00. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் தூக்கிப் பிடிப்பவர்களை மாற்றுங்கள். கை ஓய்ந்தவர்தான் மூலையைக் கிள்ளிப் பிடிப்பார்.